பொம்மை விமானத்துக்கு ஒரு நீதி, படகுக்கு ஒரு நீதி

ரெவெல் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளை ஐரோப்பாவில் வாழும் நம்மவர் பலர் தம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பார்கள். சட்டத்தில் கோத்திருக்கும் சின்னஞ்சிறு உறுப்புகளை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூசி, பழைய போர் விமானம் ஒன்றை மேசைமீது நிறுத்தும் பொழுதுபோக்கு அது. சிறிய பெட்டி பத்துப் பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும். உள்ளே ஒரு வழிகாட்டித் தாள் இருக்கும். எந்த உறுப்பை எங்கே ஒட்டுவது என்று சொல்வதற்கு முன்னரே அந்தத் தாள் ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறது: உறுப்புகளை மென்மையான சவர்க்கார நீரில் கழுவுங்கள், காற்றில் உலரவிடுங்கள், அப்போதுதான் வண்ணம் நன்றாகப் பற்றும். ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு தொடங்கி ஃபின்னிஷ், கிரேக்கம், துருக்கி வரை ஒரு டசினுக்கும் அதிகமான மொழிகளில் இதை அச்சிட்டிருக்கிறார்கள்.

பத்து யூரோப் பொம்மைக்கு இவ்வளவு அக்கறை. இருக்கட்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளும் உலகில் உண்டு. அதை நம்பி ஒரு குடும்பம் சோறு உண்கிறது. அதற்கும் ஆண்டுதோறும் வண்ணம் பூசுகிறார்கள். அந்த வண்ணம் ஆண்டுதோறும் உரிகிறது. ஏன் உரிகிறது என்று அந்தக் குடும்பத்துக்குத் தமிழில் சொல்லும் ஒரு துண்டுத் தாளை இந்த நாள்வரை நான் கண்டதில்லை. மன்னார்க் கரையோரத்துப் பைபர் படகைத்தான் சொல்கிறேன்.

மன்னார் மாவட்டத்தின் தென் அந்தத்தில், வில்பத்துக் காட்டின் வட எல்லைக்கு அண்மையில் இருக்கிறது முள்ளிக்குளம். முசலிப் பிரிவைச் சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் கிராமம். கடலும் வயலும் குளங்களும் சேர்ந்த ஊர். 2007 செப்டெம்பரில் அந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் விட்டுப் போனவர்கள் 2012இல் திரும்பி வந்தபோது ஊர் கடற்படை முகாமாக இருந்தது. அவர்கள் பக்கத்தில் உள்ள மலங்காட்டில் கொட்டில் போட்டார்கள். 2017 மார்ச்சில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பின், ஏப்ரல் 29ஆம் திகதி, நூறு ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவித்தார். இந்த வரலாற்றை நானும் என் போன்றோரும் பலமுறை எழுதியாயிற்று. எழுதாத பகுதி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இழந்த கடற்றொழிலாளி மறுபடியும் ஒரு படகுக்குச் சொந்தக்காரனாகிறான். கடன் பட்டோ உதவித் திட்டம் ஒன்றின் மூலமோ படகு வருகிறது. அதற்குப் பிறகு அந்தப் படகு என்ன ஆகிறது? கையளிப்பு விழாவோடு நமது செய்தி முடிந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கரையில் ஒரு முதியவர் தன் படகின் பக்கவாட்டில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துக் காட்டினார். நீல வண்ணம் வெங்காயத் தோல்போல உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று வந்தது. அதோடு பதிவு இலக்கத்தின் இரண்டு எழுத்துகளும் வந்தன. "கடைக்காரன் நல்ல சாமான் தரயில்லைத் தம்பி. அடுத்த முறை விலை கூடினதை எடுக்கோணும்" என்றார். கழன்ற துண்டை வாங்கி உட்புறத்தைப் பார்த்தேன். கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தது. ஒரு கீறலின் அச்சுக்கூட அதில் இல்லை. விலை கூடிய வண்ணமும் அடுத்த ஆண்டு இப்படியேதான் கழன்றிருக்கும், விலைமட்டுமே கூடியிருக்கும்.

இந்தக் கட்டுரையின் வழக்கு அந்த வழுவழுப்பின்மீது. விளங்கச் சொல்வதற்கு மரத்திலிருந்து தொடங்கவேண்டும்.

நமது கரையோர மக்கள் பல நூற்றாண்டுகளாக மரத்தைப் பேணியவர்கள். கட்டுமரமும் வத்தையும் வள்ளமும் மரம். மரம் குடிக்கும். சுறா எண்ணெயைத் தடவினால் உறிஞ்சும். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்கில் விட்டால் உள்ளே இறங்கி இறுகும். எண்ணெய் வண்ணம் பூசினாலும் அதன் ஒரு பகுதி மரத்தின் துளைகளுக்குள் போய் வேர் பிடிக்கும். ஆகவே 'நன்றாக உலர்ந்த பலகை, நல்ல வண்ணம், தடிப்பாக ஒரு பூச்சு' என்பது மரத்துக்கு முற்றிலும் சரியான அறிவு. 1970களில் பைபர் படகுகள் பரவத் தொடங்கின. நோர்வேயின் உதவியோடு காரைநகரில் இயங்கிய சீநோர் தளம் அவற்றை வடக்கிலேயே கட்டிற்று. பொருள் மாறியது. மரத்தின் அறிவு மட்டும் அப்படியே புதிய பொருளின்மீது ஏற்றப்பட்டது. பிளாஸ்டிக் எதையும் குடிக்காது என்று யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை.

பைபர் படகு எப்படிப் பிறக்கிறது? ஓர் அச்சுக்குள் பிறக்கிறது. படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அச்சின் உட்புறத்தில் மெழுகைத் தேய்க்கிறார்கள். அதன்மேல் ஜெல்கோட் என்னும் பளபளப்பான பிசின், ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பில். அதன்பின் கண்ணாடி நார்ப் பாயும் பொலியெஸ்டர் பிசினும் அடுக்கடுக்காக. இறுகியதும் அச்சிலிருந்து கழற்றுகிறார்கள். எதுவும் ஒட்டக்கூடாது என்று தடவிய அந்த மெழுகின் ஒரு பங்கு படகின் வெளித்தோலிலேயே தங்கிவிடுகிறது. பளபளவென்று கரைக்கு வரும் புதுப்படகின் அழகில் பாதி அந்த மெழுகு. அதன்மேல் ஒருவர் வண்ணம் பூசினால், 'ஒட்டாதே' என்று பெயர் எழுதிய கதவை அவர் தட்டுகிறார். பொம்மை விமானத்தின் கதையும் இதுதான். அதுவும் அச்சில் பிறந்தது, அதிலும் கழற்றெண்ணெய் தங்கியிருக்கும். அதனால்தான் ரெவெல் சவர்க்காரத்தை முதலில் சொல்கிறது.

இந்த இடத்தில் பொம்மைக்கும் படகுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது படகுக்குப் பாதகமானது. பொம்மை விமானம் பொலிஸ்டைரீன். தின்னர் கலந்த அடிப்பூச்சை அதன்மேல் விசிறினால் அந்தத் தின்னர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே இளக்கும். பூச்சு அதற்குள் பல் பதித்துக்கொள்ளும். (அளவு மிஞ்சினால் நுணுக்கமான கோடுகள் கரைந்து போகும். அதனால்தான் மெல்லிய பூச்சுகளாகப் பூசச் சொல்கிறார்கள்.) படகின் பொலியெஸ்டர் அப்படி இளகாது. ஒருமுறை இறுகிவிட்டால் கடையில் கிடைக்கும் தின்னர் எதுவும் அதைக் கரைக்கப்போவதில்லை. ஆகவே படகின்மீது வண்ணத்துக்குக் கிடைக்கும் பிடி பெரும்பாலும் கீறல்களின் பிடிதான். மணற்கடதாசியால் நாம் உண்டாக்கிக் கொடுக்கும் பிடி. பொம்மையைத் தேய்க்காமலே கழுவிப் பூசினாலும் ஓரளவு தப்பலாம். படகில் தப்ப முடியாது. வழிகாட்டித் தாள் யாருக்கு அதிகம் தேவை என்று வாசகர்களே சொல்லுங்கள்.

மூன்றாவது இனம் ஒன்றும் கரையில் கிடக்கிறது: நீலப் பீப்பாய், மிதவை, தண்ணீர்த் தாங்கி. இவை பொலித்தீன் குடும்பம். தின்னரும் கடிக்காது, மணற்கடதாசியும் பெரிதாக உதவாது. தொழிற்சாலைகளில் தீச்சுவாலை காட்டியோ அதற்கென்றே செய்த அடிப்பூச்சைப் பூசியோதான் இவற்றில் வண்ணம் ஏற்றுகிறார்கள். மிதவையில் பெயர் எழுதி ஒரு கிழமையில் அது காணாமற்போனதற்கு யாரையும் நோகவேண்டாம். சூட்டுக்கோலால் பெயரைச் சுட்டுவிடுவது நல்லது.

படகுக்கு வருவோம். செய்யவேண்டிய வேலை பெரிய இரகசியம் அன்று. முதலில் சவர்க்காரமும் நன்னீரும். பிறகு தின்னர் தோய்த்த துணியால் மெழுகைத் துடைத்தெடுக்கவேண்டும். துணியை அடிக்கடி மாற்றவேண்டும், இல்லாவிட்டால் மெழுகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பூசிக்கொண்டிருப்போம். அதன் பின்னரே மணற்கடதாசி. (தமிழகத்து நண்பர்கள் உப்புத்தாள் என்பார்கள்.) இந்த ஒழுங்கு மாறக்கூடாது. மெழுகு இருக்கும்போதே தேய்த்தால், தேய்க்கும் கீறல்களுக்குள் மெழுகை நாமே அழுத்திவிடுகிறோம். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. 120 முதல் 180 வரையான இலக்கத் தாளால், பளபளப்பு முழுதும் மங்கும்வரை தேய்க்கவேண்டும். ஈரமாகத் தேய்ப்பது நெஞ்சுக்கு நல்லது. கண்ணாடி நார்த் தூசு எவர் நுரையீரலுக்கும் ஆகாது, வாயை மூடிக் கட்டாமல் இந்த வேலையைத் தொடவேண்டாம். பின் மீண்டும் நன்னீரில் கழுவல்.

போதுமா இல்லையா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. காசு செலவில்லை. ஒரு குவளை நல்ல தண்ணீரைப் பக்கவாட்டில் ஊற்றுங்கள். தாமரை இலைமேல் உருள்வதுபோல முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாக விரிந்து வழிந்தால் மேற்பரப்பு தயார். தண்ணீர் விரிந்து உட்கார மறுக்கும் இடத்தில் வண்ணமும் உட்காராது. தாமரை இலைத் தண்ணீரைப் பற்றித் தமிழில் பேசாத பேச்சாளர் இல்லை. அந்த உவமைக்கு ஒரு கடற்கரைப் பயன் இருப்பதை எந்த மேடையும் சொன்னதில்லை.

அதன்பின் எபொக்சி அடிப்பூச்சு, அதன்மேல் மேல்வண்ணம், இரண்டும் மெல்லியதாக, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. இங்கே இன்னொரு கொடுமையைச் சொல்லவேண்டும். கடைகளில் 'பிரைமர்' கேட்டால் சில இடங்களில் கையில் கொடுப்பது இரும்புக்கான சிவப்பு அடிப்பூச்சு. அது துருவைத் தடுக்கப் பிறந்தது. பைபருக்குத் துருவே கிடையாது. 'பிரைமர்' என்ற ஒரே சொல்லுக்குள் மரம், இரும்பு, பிளாஸ்டிக் என்று மூன்று வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன. காய்ச்சலுக்குக் கண்மருந்து கொடுத்த வைத்தியரை நாம் சும்மா விடுவோமா?

நாளும் பொழுதும் பார்ப்பது இந்த வேலையில் மூடநம்பிக்கை ஆகாது. பூசும் மேற்பரப்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. உலகெங்கும் வண்ணத் தொழிலில் கொள்ளும் பொது விதி இது. நமது மொழியில் சொன்னால்: விடியற்காலையில் படகைத் தொட்டால் கை நனைகிறதா, அப்போது பூசாதே. வெயில் ஏறி உலர்ந்தபின் தொடங்கு, மாலைப் பனிக்கு முன் முடித்துவிடு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்தக் கரையில் மணலை வாரி இறைக்கும். ஒக்டோபருக்குப் பிறகு மழை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கிடைக்கும் அமைதிதான் வாய்ப்பான காலம். இவ்வளவும் பார்த்தாலும் உப்பை மறந்தால் எல்லாம் வீண். உப்புப் படிந்த தோலின்மேல் பூசிய வண்ணத்துக்கு அடியில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கொப்புளம், பிறகு உரிதல்.

அதனால்தான் நன்னீர், நன்னீர் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு படகை இருமுறை கழுவ எத்தனை வாளி வேண்டும்? பெயரிலேயே குளத்தை வைத்திருக்கும் ஊர் அது. அந்த மக்கள் 2012இல் திரும்பியபோது ஊர்க் குளங்கள் முகாம் வேலிக்குள் இருந்தன. மலங்காட்டில் குடிதண்ணீரே சுமந்து வரவேண்டியதாக இருந்தவன் படகை நன்னீரில் கழுவவில்லை என்று ஒருவர் குறை சொன்னால், அவரை நான் மனிதராக மதிக்கமாட்டேன். நில விடுவிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் ஏக்கர்க் கணக்கை மட்டும் பேசுகிறோம். கிணறும் குளமும் இல்லாத கரையில் ஒரு படகு எவ்வளவு விரைவாக மூப்படைகிறது என்ற கணக்கும் அந்த ஏட்டில் சேரவேண்டும்.

உரிந்தால் என்ன, அழகுதானே போகிறது என்பவர்களுக்கு: 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளங்கள் சட்டப்படி ஒவ்வொரு மீன்பிடிப் படகும் பதியப்படவேண்டும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பைபர் படகின் இலக்கம் ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கும். படகின் தோலில் வண்ணத்தால் எழுதிய எழுத்து அது. கடலில் அந்தப் படகுக்கு முகவரி அதுதான். போர்க்காலத்தில் பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாதிருந்த கரை இது. சீருடைக்காரர் ஒருவர் தொலைநோக்கியில் பார்க்கும்போது பாதி இலக்கம் உரிந்த படகில் இருப்பதென்றால் என்ன என்று இந்தக் கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். அடையாளத்தை ஒட்டவைப்பது அங்கே அலங்கார வேலை ஆகாது. வண்ணம் போன இடத்தில் வெயிலும் ஜெல்கோட்டைத் தின்னத் தொடங்குகிறது. கையால் தடவினால் சுண்ணாம்புத் தூள்போல ஒட்டும். அது தேய்ந்தபின் நார் வெளியே தெரியும். நார் தெரிந்த இடத்தில் நீர் இறங்கும்.

இனிக் காசு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏற்றப்பட்டது. இந்தப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. அப்படி ஒரு காலத்தைக் கடந்து வந்தவனிடம், ஆண்டுதோறும் உரியும் வண்ணத்துக்கு ஆண்டுதோறும் காசு வாங்குகிறோம். 'எபொக்சி அடிப்பூச்சு விலை கூடியது, ஏழைக்கு எங்கே கட்டும்' என்று கருணையோடு சொல்பவர்களை நான் அறிவேன். ஏழைக்குத்தான் கட்டவேண்டும் ஐயா! மூன்று தடவை மலிவாகப் பூசுவது ஒரு தடவை ஒழுங்காகப் பூசுவதைவிட விலை கூடியது என்பதை அவனுக்கு எவரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. மேலும், வேலையின் பெரும் பகுதி சவர்க்காரம், தண்ணீர், கடதாசி, கை உழைப்பு. வாளிக்குள் இருக்கும் வண்ணத்தைவிட இவை மலிவு.

'மீனவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது' என்று ஒரு புகழ்மொழி இருக்கிறது. பட்டணத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். இதைவிடச் சோம்பேறித்தனமான மரியாதை வேறில்லை. காற்றும் நீரோட்டமும் பாரும் அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது, உண்மை. ஆனால் பொலியெஸ்டர் அவன் பாட்டன் காலத்துப் பொருள் அன்று. இரசாயனக் கூடத்தில் பிறந்த பொருளுக்கு உரிய அறிவும் கூடவே கொடுக்கப்படவேண்டும். கொடுக்காமல் விட்டுவிட்டு, அதைப் பாரம்பரிய அறிவின் தலையில் கட்டுவது கைகழுவல்.

2004 ஆழிப்பேரலையின் பின் தரங்குறைந்த பைபர் படகுகள் இலங்கையில் ஏராளமாகக் கட்டப்படுவதாக ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் எச்சரித்தது. பைபர் படகு கட்டுவது குறித்து விரிவான வழிகாட்டி நூல்களையும் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அறிவு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அது ஆங்கிலத்தில் நின்றுவிட்டது. நான் செய்தியாளனாகப் பார்த்த கையளிப்பு விழாக்களில் மாலை இருந்தது, பதாகை இருந்தது, நன்கொடையாளரின் சின்னம் படகின் நெற்றியில் இருந்தது. 'இந்தப் படகை இப்படிப் பேணு' என்று தமிழில் ஒரு பக்கம் இருக்கவில்லை. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. படிவங்களில் மொழி வேண்டும் என்று போராடினோம், சரியான போராட்டம். வண்ண வாளியிலும் அந்த மொழி வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லையே!

தமிழால் முடியாது என்று மட்டும் யாரும் வரவேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். மனித உடம்பின் எலும்பையும் நரம்பையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாங்கிய மொழிக்கு ஒரு படகின் தோல் பாரமா? நம்மவர்கள் கடலைப் பற்றி எழுதிய கவிதைகளை அடுக்கினால் மன்னார்த் தீவுக்கு இன்னொரு பாலம் போடலாம். கவிதை எழுதட்டும், நானும் படிக்கிறேன். அதே கையால் ஒரு பக்கம், 'மெழுகை முதலில் எடு, பிறகு தேய்' என்று எழுதியிருந்தால் அந்த முதியவர் அடுத்த ஆண்டும் விலை கூடிய வாளியைத் தேடி அலைந்திருக்கமாட்டார்.

பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் ஒரு பக்கத்தில் அடங்கும் வரைவு ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்னவைதான், படங்களோடு. ஜெல்கோட்டுக்கு 'மேற்பிசின்' என்று போட்டிருக்கிறேன். படகு கட்டும் கைகள் வேறு சொல் வழங்கினால் அதையே வைத்துக்கொள்ளலாம். இரசாயனம் படித்தவர்களும் படகுத் தளங்களில் வேலை செய்தவர்களும் வாசகர்களில் இருக்கிறீர்கள். பழைய வண்ணம் பாதி ஒட்டியும் பாதி உரிந்தும் இருக்கும் படகில் எவ்வளவைச் சுரண்டவேண்டும் என்ற பகுதியை உங்களில் ஒருவர் திருத்தித் தரவேண்டும். பெப்ரவரிக்கு முன் கிடைத்தால் நல்லது. அச்சுக்கூலி என்னுடையது. முள்ளிக்குளத்தார் வண்ணம் வாங்க எப்படியும் சிலாவத்துறைக்கோ மன்னார்ப் பட்டினத்துக்கோதான் வரவேண்டும். அங்குள்ள கடைக்காரர்கள் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் தாளுக்கு இடம் கொடுத்தால் போதும்.